கார் ஷெட் சுவரில் பென்சில் தேதிகள்

ஸ்பிரிங் ஹில், ஃபுளோரிடா
3 பிப்ரவரி 2014

வழக்கறிஞர் நோரா பெட்டிஸ் அவர்களுக்கு,

துணி துவைக்கும் கடையின் அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயரைப் பார்த்தேன். "வீடு இறங்குகிறதா? இன்சூரன்ஸ் மறுத்துவிட்டதா?" என்று போட்டிருந்தது. இரண்டுக்கும் ஆமாம்.

என் நம்பரை உங்கள் ஆபீஸுக்கு எழுதிப்போட்டேன், ஆனால் உங்கள் ஆபீஸ் பெண் போனில் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. போன செப்டம்பரில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ரொம்ப மரியாதையான குரல். வீடு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். யார் கேட்டாலும் சொல்வதுபோல, "பெருசா ஒண்ணுமில்லப்பா, சமாளிச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவைத்தேன். வந்த மறுப்புக் கடிதத்தில் அது இருக்கிறது: சேதம் பெரிதல்ல என்று பாலிசிதாரரே கூறியுள்ளார். அன்றிலிருந்து வீட்டைப் பற்றி யாரோடும் போனில் பேசுவதில்லை. எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் நல்லது.

எனக்கு வயது அறுபத்து மூன்று. இருபத்தேழு வருடம் ஸ்கூல் பஸ் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் டெல்பர்ட் 2012 ஜூனில் இறந்துபோனார். படுக்கையறைச் சுவரில் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் ஏறியிருக்கிறது. அதனால் ஹாலில் சோபாவில் படுக்கிறேன். முன்கதவைத் தோளால் இடித்தால்தான் திறக்கும். அடியில் குழி விழுகிறது என்று எனக்குத் தெரிகிறது. களிமண் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்கிறது கம்பெனி எஞ்சினியரின் அறிக்கை.

இந்த வருடத்தோடு பாலிசியும் கிடையாதாம். இன்சூரன்ஸ் இல்லாத வீட்டின் மேல் பாங்க் கடனை வைத்திருக்காது என்று உங்களுக்குத் தெரியும். வீடு போனால் எனக்கு வேறு இடம் இல்லை.

இப்படிக்கு
வெர்லீன் க்ரூம்


டாம்பா
10 பிப்ரவரி 2014

அன்புள்ள திருமதி க்ரூம்,

கடிதமாகவே எழுதுகிறேன். எனக்கும் அது வசதிதான். எழுத்தில் இருப்பதை யாரும் வெட்டி ஒட்ட முடியாது.

வழக்கை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு எதுவும் தர வேண்டாம். ஜெயித்தால் இந்த மாநிலச் சட்டப்படி என் கூலியைக் கம்பெனி தரும். தோற்றால் யாரும் தரமாட்டார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், ஜெயிப்போம் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான். பத்தொன்பது வருடத்தில் இப்படி நிறைய வீடுகளைப் பார்த்துவிட்டேன். சிலவற்றில் கம்பெனி பொய் சொன்னது. சிலவற்றில் வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார்.

நீங்கள் செய்ய வேண்டியவை. ஒரு விரிசலையும் அடைக்காதீர்கள், பூசாதீர்கள், பெயிண்ட் அடிக்காதீர்கள். மண்ணைத் துளைத்துப் பார்க்க வந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்று நினைவிருக்கும் வரை எழுதுங்கள். மிக முக்கியமானது: முதல் விரிசலை எப்போது பார்த்தீர்கள்? தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, இரண்டு வருடத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னது 2013 செப்டம்பரில். அதற்கு இரண்டு வருடம் முன்பே தெரிந்திருந்தது என்று அவர்கள் காட்டிவிட்டால், அடியில் பாதாளமே இருந்தாலும் வழக்கு முடிந்தது.

நோரா பெட்டிஸ்


19 பிப்ரவரி 2014

வக்கீலம்மா,

முதல் விரிசலைப் பார்த்தது 2013 ஆகஸ்டில். ஸ்கூல் திறந்த வாரம், அதனால் மறக்கவில்லை. அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சாத்தினேன், திறந்தது. பின்னால் எட்டிப் பார்த்தால் சுவர்.

துளை போட வந்தவர்கள் மூன்று பேர், நவம்பரில். என் அசேலியா செடிகள் மேலேயே வண்டியை நிறுத்தினார்கள். கோபம்தான், ஆனாலும் வெயிலில் நிற்கிறார்களே என்று முட்டை சாண்ட்விச்சும் ஐஸ் டீயும் கொடுத்தேன். இயந்திரத்தை ஓட்டியவர் பெயர் கேட்கவில்லை. ஒரு கம்பியைச் சுத்தியலால் அடித்து அடித்து உள்ளே இறக்குவார்கள், எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று இன்னொருவர் எழுதுவார். படுக்கையறைப் பக்கத்துத் துளையில் சுத்தியல் சத்தம் நின்றுபோயிற்று. பழுதோ என்று எட்டிப் பார்த்தேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "பழுதெல்லாம் இல்லம்மா. நான் அடிக்கவே இல்ல, கம்பி தன் கனத்துலயே இறங்குது. கீழ அதைப் பிடிக்க ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். இப்போது சொல்லிவிட்டேன். அவருக்குத் தொல்லை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெர்லீன்


14 மார்ச் 2014

அன்புள்ள திருமதி க்ரூம்,

அந்த ஆளின் பெயர் தேவைப்படவில்லை. துளைப்புக் குறிப்பேட்டின் மூலப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். மூன்றாவது துளை, முப்பத்தெட்டாவது அடியிலிருந்து நாற்பத்திரண்டு வரை: "கம்பியின் எடையில் இறங்கியது. ஊற்றிய தண்ணீர் திரும்பி வரவில்லை." பென்சிலில், தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சினியர் அறிக்கையில் அதே நான்கு அடி "மென்மையான களிமண்" என்று ஆகியிருக்கிறது. தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்தத் தொழிலில் என்னை ஆச்சரியப்படுத்துவது கொஞ்சம்தான், இதுவும் ஆச்சரியப்படுத்தவில்லை.

மாநிலத்தின் நடுநிலை ஆய்வாளரைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். யாருடைய ஆளும் இல்லாத ஒரு நிலவியலாளர் மே 13 அன்று வருவார். எல்லாச் சுவர்களையும் அவர் பார்க்க வேண்டும். கார் ஷெட் சாமான்களால் அடைந்திருக்கிறது என்று உங்கள் வீட்டைப் பார்த்துவந்த என் உதவியாளர் சொன்னாள். முடிந்தால் ஒதுக்கிவையுங்கள்.

நோரா பெட்டிஸ்


2 ஏப்ரல் 2014

வக்கீலம்மா,

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். ஒரு வீட்டில் ஒரு பெண் கார் ஷெட்டை ஒதுக்குகிறாள். டெல்பர்ட் போன பிறகு அவள் அங்கே கை வைத்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் தூண்டில்கள், பெயிண்ட் டப்பாக்கள், மேல்சுவரில் திருகி வைத்த கருவிப் பலகை. பலகைக்குக் கீழே இருந்த அலமாரியை நகர்த்தினால் சுவரில் ஒரு விரிசல். மெல்லியது, தலைமுடி மாதிரி. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. மார்ச் 2011. அதன் கீழே இன்னும் மூன்று தேதிகள், அதே கையெழுத்தில்.

இரண்டு வருடம் என்று நீங்கள் எழுதியதை அவள் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு கார்மைனை உங்களுக்குத் தெரியாது. புரூக்ளினிலிருந்து வந்தவன். அவன் வீட்டுக்கு அடியிலும் குழி விழுந்து இன்சூரன்ஸ் பணம் வந்தது. மண்ணில் ஒரு பிடி சிமெண்ட் போடாமல் படகு வாங்கினான். அவன்தான் அலமாரியைத் தள்ள வந்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒரு டப்பா வெள்ளை, பத்து நிமிஷம். நீ என்ன பைபிள் மேல கையா வச்சிருக்க, வெர்லீன்?" என்றான்.

நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷன். கவுண்டி ரோடு டிபார்ட்மென்டில் வேலை. வீட்டுச் சுவர் வெடித்திருக்கிறது, பக்கத்தில் தேதி எழுதிவைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

வெ.


7 ஏப்ரல் 2014

திருமதி க்ரூம்,

பேச்சுக்கு என்று எதையும் எனக்கு எழுதாதீர்கள். எழுதிவிட்டீர்கள், நானும் படித்துவிட்டேன்.

அந்தச் சுவரைத் தொட வேண்டாம் என்று என் முதல் கடிதத்திலேயே சொன்னேன். ஆதாரத்தை அழிக்க நான் துணைபோக மாட்டேன். அது பெயிண்டுக்கு அடியில் போனால் நான் இந்த வழக்கில் இருக்க மாட்டேன். உங்களிடம் கேள்வி வந்தால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பாலிசி அப்போது உங்கள் கணவர் பெயரிலும் இருந்தது. அவருக்குத் தெரிந்திருந்தது உங்களுக்குத் தெரிந்ததாகவே எண்ணப்படும்.

இது நம் வழக்கை முடித்துவிடலாம். அதை மறைத்துச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை. வருத்தத்தைச் சொல்லி ஆரம்பித்திருக்க வேண்டிய கடிதம் இது. வருந்துகிறேன்.

நோரா பெட்டிஸ்


9 ஏப்ரல் 2014

வருத்தம் எதற்கு. உங்களுக்கு டாம்பாவில் நேரான சுவர்கள் இருக்கின்றன. கம்பெனிக்காரன் நான்கு அடிப் பள்ளத்தைக் களிமண் என்று எழுதினான், அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒரு டப்பா பெயிண்டைத் திறந்தால் குற்றவாளி. போகட்டும். நான் யோசித்துக்கொள்கிறேன். நீங்கள் எழுத வேண்டாம்.

வெர்லீன் க்ரூம்


28 ஏப்ரல் 2014

அன்புள்ள திருமதி க்ரூம்,

எழுத வேண்டாம் என்றீர்கள். மூன்று வாரம் எழுதவில்லை. மே 13 மாறவில்லை என்று தெரிவிக்க வேண்டியது என் கடமை; காலை பத்து மணி. கம்பெனியின் வழக்கறிஞரும் வருவார்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அன்று வந்து பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னது சரி, என் சுவர்கள் நேராகத்தான் இருக்கின்றன. வாடகைச் சுவர்கள், ஆனாலும் நேர்.

நோரா பெட்டிஸ்


1 மே 2014

வாருங்கள். கார் ஷெட் கதவு திறந்தே இருக்கும்.

வெ.


20 மே 2014

அன்புள்ள திருமதி க்ரூம்,

அன்று உங்களோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆய்வாளர் டில்மன் கார் ஷெட்டுக்குள் போனதும் நீங்கள் சமையலறைக்குப் போய் வெளியே வரவே இல்லை. அங்கே நடந்ததை நீங்கள் அறிய வேண்டும்.

தேதிகளை முதலில் பார்த்தது கம்பெனியின் அந்த இளம் வழக்கறிஞர்தான். சத்தமாக வாசித்தார். மார்ச் 2011, ஜூலை 2011, டிசம்பர் 2011, ஏப்ரல் 2012. ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். "அப்போ ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. மிச்ச சுவரைப் பார்க்கணுமா என்ன?" என்றார்.  

டில்மன் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். யார் எழுதியது என்று கேட்டார். வாசலில் நின்ற உங்கள் கார்மைன், "டெல்பர்ட். ரோட்டுல வெடிப்பு விட்டா அவங்க ஆளுங்க இப்படித்தான் முனையில கோடு போட்டு வைப்பாங்க. நகருதா, நிக்குதான்னு பாக்க" என்றார்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் டில்மன். "நாலு தேதி இருக்கு. கோடு எத்தனை?"

ஒரே ஒரு கோடு. நான்கு முறை வந்து பார்த்திருக்கிறார். நான்கு முறையும் விரிசல் அதே கோட்டில் நின்றிருக்கிறது. நகராததால் புதுக் கோடு போடவில்லை, தேதியை மட்டும் எழுதியிருக்கிறார். நீங்களும் தேதியைத்தான் படித்தீர்கள், நானும்தான். நான் படிப்பதற்காகவே கூலி வாங்குகிறவள்.

பிறகு டில்மன் மேலே இருந்த கருவிப் பலகையைக் காட்டி அதன் பின்னால் என்ன என்று கேட்டார். யாரிடமும் திருப்புளி இல்லை. கார்மைன் ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்தார், கழற்றியதும் அவர்தான். கோட்டைத் தாண்டி, பலகைக்குப் பின்னால், விரிசல் கூரைவரை போயிருந்தது. மேலே போகப் போக அகலம்; என் சுண்டுவிரல் நுழைந்தது. டில்மன் டார்ச் அடித்துக் காட்டினார். கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியில் உட்புறமெல்லாம் அழுக்கு, சிலந்தி நூல். கோட்டுக்கு மேலே வெள்ளை வெளேரென்று கல். "கீழ இருக்கிறது வீடு கட்டின காலத்து முடி வெடிப்பு. எல்லா வீட்டுலயும் இருக்கும். மேல இருக்கிறது இப்ப வந்தது" என்றார். இளம் வழக்கறிஞர் அதைப் படம் எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

சட்டம் கேட்பது, நிலம் உள்வாங்குவது டெல்பர்ட்டுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான். ஒரு வருடத்துக்கு மேல் கவனித்து, எதுவும் நகரவில்லை என்று கண்ட ஒரு மனிதருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் நகரவில்லை என்பது தெரிந்திருக்கும். இதைத்தான் வாதமாக எழுதப்போகிறேன். எடுபடுமா என்று சொல்ல முடியாது.

நோரா பெட்டிஸ்


26 மே 2014

வக்கீலம்மா,

உங்கள் கடிதத்தைக் கார் ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், சுவருக்கு முன்னால் நின்று படித்தேன். ஒரே கோடுதான். எத்தனை தடவை அங்கே நின்றேன், எண்ணவே இல்லை.

ஏப்ரல் 2012இல் அவரால் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. நான் பஸ்ஸுக்குப் போன நேரத்தில் எழுந்துபோய் அலமாரியை எப்படி நகர்த்தினாரோ. பார்த்திருக்கிறார், நகரவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்.

அவரிடம் கேட்டிருந்தால், "ஒண்ணுமில்லாததை ஏன் உன் தலையில ஏத்தணும்?" என்றிருப்பார். எனக்கு அதற்கும் கோபம் வந்திருக்கும். ஆனால் அது வேறு கோபம்.

கார்மைன் இப்போது தெருவெல்லாம் தானே கேஸை ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

வெர்லீன்


22 ஆகஸ்ட் 2014

அன்புள்ள வெர்லீன்,

நேற்று மத்தியஸ்த மேசையில் உங்களிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அங்கே ஆட்கள் அதிகம்.

டில்மனின் அறிக்கை ஜூனில் வந்ததும் அவர்கள் களிமண்ணைக் கைவிட்டார்கள். காலதாமதத்தை ஆகஸ்ட் வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பலகைக்குப் பின்னால் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மேசையில் வைத்த பிறகு அதையும் விட்டார்கள். ஆனாலும் முதலில் ரொக்கம்தான் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், மண்ணை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் அதன் பொருள். "எனக்குப் படகு வேண்டாம். கீழே இருக்கிற ஓட்டையை அடைச்சுக் குடுங்க" என்று நீங்கள் சொன்னபோது அந்த மத்தியஸ்தருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். ஒப்பந்தப்படி மண்ணும் சுவரும் அவர்கள் செலவு. வேலை முடிந்து சான்றிதழ் வந்ததும் பாலிசியைப் புதுப்பிப்பார்கள். பாங்குக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

சொல்ல நினைத்தது இது. ஏப்ரலில் உங்களிடமிருந்து பதில் இல்லாத மூன்று வாரமும் நீங்கள் பெயிண்ட் அடித்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். வழக்கிலிருந்து விலகும் கடிதத்தைத் தட்டச்சுச் செய்து, கையெழுத்தும் போட்டு, பையில் வைத்துக்கொண்டுதான் மே 13 அன்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். கார் ஷெட்டுக்குள் கால் வைக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். மனிதர்களைப் பற்றி முன்கூட்டியே முடிவுகட்டும் பழக்கம் எனக்கு உண்டு. பெரும்பாலும் சரியாக இருந்துவிடுவதால் அது போகவில்லை. உங்கள் விஷயத்தில் தப்பு. வீடே போகும் என்று தெரிந்தும் நீங்கள் நேர்மையாக இருந்தீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நோரா


11 நவம்பர் 2014

நோராம்மா,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் சிமெண்ட் லாரிகள். மூன்று நாள் என்றார்கள், ஒன்பது நாள் ஆயிற்று. குழாயை இறக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், மண் குடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது நாள் மேஸ்திரி வந்து, "அம்மா, இந்த ஓட்டைக்கு மேலயா தூங்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். ஹாலில்தான் என்றேன். ஹாலுக்கும் அடியில்தான் என்றார். இப்போது நின்றுவிட்டது. போன வாரம் படுக்கையறைக்குத் திரும்பிவிட்டேன். புதுப் பாலிசியும் வந்துவிட்டது, பாங்க் வாயை மூடிக்கொண்டது.

இன்னொன்று. என்னை நேர்மை என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை யாருக்காவது காட்டலாமா என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் பொய்யாக ஒன்று இருப்பது பிடிக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

உங்களுக்குக் கோபமாக எழுதிய அன்றே பெயிண்ட் வாங்கினேன். டப்பாவைத் திறந்து கலக்கியும் வைத்தேன். பிரஷ்ஷை நனைத்துச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். சட்டம் ஞாபகம் வரவில்லை. நீங்களும் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடிப்பதற்கு முன்னால் டெல்பர்ட்டைத் திட்டிவிட்டு அடிப்போம் என்று ஆரம்பித்தேன். ஏன்யா சொல்லல, நான் என்ன சின்னப் பிள்ளையா, தனியா இதையும் என் தலையில கட்டிட்டுப் போனியே என்று. செத்தவரைத் திட்டக்கூடாது என்று அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டி முடிப்பதற்குள் பிரஷ் காய்ந்துவிட்டது. மறுநாளும் போய்த் திட்டினேன். அந்த மூன்று வாரமும் தினம் சாயங்காலம் அங்கே போய் நின்றேன். பெயிண்ட் அடித்துவிட்டால் யாரைப் பார்த்துத் திட்டுவது? அதனால்தான் அடிக்கவில்லை. நேர்மையெல்லாம் இல்லை. சண்டை முடியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மே மாதக் கடிதம் வந்த பிறகு திட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நேற்று பெயிண்ட்காரர்கள் வந்தார்கள். கார் ஷெட்டில் மட்டும் அந்த ஒரு இடத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், கார்மைனாகத்தான் இருக்கும். வேண்டாம், எல்லாவற்றையும் அடியுங்கள் என்றேன். அடித்துவிட்டார்கள். வெள்ளையாக, நன்றாக இருக்கிறது.

வெர்லீன்